தாழ்வாரத் தோட்டத்தில் பாதிக் காய்கறி கிடைக்குமா?

கேள்வி, 2025 மே 18

சிங்கப்பூரில், புங்கோலில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாசலுக்கு எதிரே தாழ்வாரத்தில் இடம் சும்மா கிடக்கிறது. இரும்பு அடுக்கு ஒன்று, தொட்டி இருபது, மண், உரம், விதை எல்லாம் சேர்த்து 350 வெள்ளி (டாலர்) ஆகும் போலிருக்கிறது. ஓராண்டில் வீட்டுக் காய்கறியில் பாதியையாவது நாங்களே விளைவித்துவிடலாம் என்று நம்புகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

2025 மே 19

பாதி கிடைக்காது. கால் பங்குகூடக் கிடைக்காது. ஆனாலும் தொடங்குங்கள். அடுக்கையும் இருபது தொட்டியையும் மட்டும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

நாங்கள் ஈசூனில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். 2020 நடுவில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாக விதை அனுப்பியதே, அப்போது ஆரம்பித்தது. நானும் உங்களைப் போலவே பெரிதாக நினைத்தேன். தக்காளி ஆறு செடி வைத்தேன். நான்கு மாதம் தண்ணீர் ஊற்றியதில் பதினொரு பழம் கிடைத்தது. செடி நெடுநெடுவென்று வளர்ந்து, வெளிச்சத்தைத் தேடிக் கம்பி பக்கம் சாய்ந்துவிட்டது.

கீரைக் கணக்கைக் கேளுங்கள். இரண்டடி நீளத் தொட்டி ஒன்றில் தண்டுக்கீரை விதைத்தால், எனக்கு முப்பது நாளில் 180 முதல் 200 கிராம் வரும். ஐந்து பேர் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு வேளைப் பொரியலுக்கு அரைக் கிலோ வேண்டும். ஆறு தொட்டி வைத்தாலும் மாதத்துக்கு இரண்டு பொரியல்தான். அதே கீரையைச் சந்தையில் இரண்டு மூன்று வெள்ளிக்குக் கட்டாக வாங்கிவிடலாம்.

அதே நாள், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் தோட்டமே வேண்டாமா என்று ஒருவர் கேட்டுவிட்டார். நான் சொல்ல வந்தது அது இல்லை.

இரண்டாம் ஆண்டு ஒரு மாதம் முழுக்க, குளிர்பெட்டியிலிருந்து எடுத்து எறிவதையெல்லாம் சமையலறை நாள்காட்டியில் குறித்து வைத்தேன். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் அந்தக் குறிப்பில் வரவேயில்லை. வந்ததெல்லாம் இலைகள்: புதினா நான்கு முறை, கொத்தமல்லி மூன்று முறை, கறிவேப்பிலை இரண்டு முறை, பாண்டான் இலை, வெங்காயத்தாள். எல்லாமே கிள்ளிக் கிள்ளிப் போடுகிற சாமான்கள். ஆனால் கட்டாகத்தான் விற்கிறார்கள். ஒரு ரசத்துக்கு நான்கு தண்டு எடுத்துக்கொண்டு மீதியை பிளாஸ்டிக் பையிலேயே அழுக விடுகிறோம். கறிவேப்பிலைக்கு மட்டும் லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா சந்தைக்கு ரயிலேறிப் போய், கூடவே வேண்டாத நாலு சாமானை வாங்கி வந்த நாட்களும் உண்டு.

அதனால் கிள்ளிப் பயன்படுத்துகிற இலைகளை முதலில் வையுங்கள். தொட்டி ஐந்து போதும். கறிவேப்பிலை ஒன்று, புதினா ஒன்று, பாண்டான் ஒன்று, கற்பூரவள்ளி ஒன்று, பசலைக்கொடி ஒன்று. கறிவேப்பிலைக் கன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அக்கம்பக்கத்தில் கேட்டே வாங்கிவிடலாம். ஒடித்து நட்டால் வருபவைதான். எனக்குப் பாண்டான் கொடுத்தது மூன்றாவது வீட்டு மக்சிக் (மலாய்க்கார அத்தை).

2025 மே 25

திசை பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் தாழ்வாரம் கிழக்கே பார்த்தது. ஏழரைக்கு வெயில் வரும், பத்தரைக்கு எதிர்ப் புளோக்கின் நிழல் விழுந்துவிடும். மூன்று மணி நேரம். இலைகளுக்கு நான்கு மணி நேரம் நேர் வெயில் நல்லது. காய், பழத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் சரிப்படாது. என் தக்காளியின் கதை அதுதான்.

வடக்குப் பார்த்த தாழ்வாரம் என்றால் விட்டுவிடுங்கள். வெயிலே வராது.

இன்று மஞ்சள் கிழங்கு மூன்றை ஒரு பழைய அரிசி வாளியில் புதைத்தேன். தேக்காவில் வாங்கிய பச்சை மஞ்சள்தான், கூடையிலேயே முளை விட்டிருந்தது.

2025 ஜூன் 1

வடக்குத் தாழ்வாரம் பற்றி நான் எழுதியது தவறு. சுவா சூ காங்கிலிருந்து ஒருவர், "எங்கள் வீடு வடக்கே பார்த்தது, இப்போது காலையிலும் மாலையிலும் வெயில் சுளீரென்று அடிக்கிறது, வந்து பாருங்கள்" என்று எழுதியிருந்தார். அவர் சொல்வதுதான் சரி.

தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவள் நான். அங்கே ஆண்டில் பெரும்பகுதி உச்சிப் பொழுதில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்கு வாசல் நிழல் வாசல். அந்த நினைப்பிலேயே எழுதிவிட்டேன். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதிக்கு மேல் வரை சூரியன் நமக்கு வடக்கே போகிறது. மீதி ஆறு மாதம் தெற்கே. ஆகவே வடக்குத் தாழ்வாரத்துக்கு ஜூன் நல்ல காலம், தெற்குத் தாழ்வாரத்துக்கு டிசம்பர். கிழக்கும் மேற்கும் ஆண்டு முழுக்க அரை நாள் வெயில் பெறும், எதிரே கட்டடம் மறைக்காவிட்டால்.

உச்சி வெயில் தாழ்வாரத்துக்குள் அதிகம் நுழையாது என்பதையும் கவனியுங்கள். மேல்மாடியின் தளம் மறைத்துவிடும். சாய்வாக வரும் காலை, மாலை வெயில்தான் தொட்டிக்குக் கிடைக்கும். ஒரு விடுமுறை நாளில் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை, மணிக்கு ஒருமுறை கைப்பேசியில் ஒரே இடத்திலிருந்து படம் எடுங்கள். பிறகு தொட்டி வாங்குங்கள்.

2025 ஜூன் 3

அடுக்கு பற்றி. பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். தீ விபத்தென்றால் ஆட்கள் ஓடவும் தூக்குப்படுக்கை போகவும் அந்த வழிதான். டேப் வைத்து அளந்து பாருங்கள். தொட்டியின் அகலத்தை மட்டும் அளக்காமல், செடி பரந்து நீட்டும் கிளையையும் சேர்த்து அளங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் எதையும் வைக்காதீர்கள். ஒன்பதாவது மாடியிலிருந்து ஒரு சின்னக் களிமண் தொட்டி விழுந்தாலும் கீழே போகிறவர் பிழைக்க மாட்டார். சுவரை ஒட்டி அடுக்கு வைத்தால் பிள்ளைகள் ஏறுவார்கள். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. அவன் அடுக்கின் இரண்டாம் தட்டில் நின்றதைப் பார்த்த அன்றே அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

2025 ஜூலை 6

கொசு பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை.

2020-இல் இங்கே 35,000-க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கி வந்தது. அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு வந்ததில்லை. அதே ஆண்டுதான் நாங்கள் பலரும் தொட்டி வைக்கத் தொடங்கினோம். செப்டம்பரில் ஒருநாள் கறிவேப்பிலைத் தொட்டியைத் திருப்பி வைக்கலாமென்று தூக்கினேன். அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. அதற்கு முந்தைய வாரந்தான் எங்கள் புளோக்கில் நான்காவது மாடிப் பாட்டியை டெங்கியோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவர் பிழைத்து வந்துவிட்டார். என் தட்டிலிருந்து போன கொசுவாக இருக்குமோ என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. மின்தூக்கியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் வரும்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரை ஒரு வாரம் போதும். இருபது காசு நாணயத்தளவு தண்ணீரிலேயே முட்டையிடும். தண்ணீரைக் கொட்டினால் போதுமென்று இருந்துவிடாதீர்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

எனக்குப் புதிதாக இருந்தது மண் விஷயம். தொட்டி மண் இறுகிப்போனால் மேலே தண்ணீர் இறங்காமல் நிற்கும், அதுவும் கொசுவுக்குக் குளம்தான். நான் இப்போது அடித்தட்டே வைப்பதில்லை. காலையில் கொஞ்சம் கொஞ்சமாக, மண் உறிஞ்ச உறிஞ்ச ஊற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய முள்கரண்டியால் மண்ணைக் கிளறிவிடுவேன். சீசாவில் வைத்த மணிப்பிளாண்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்றுகிறேன். ஊருக்குப் போனால், போகும் முன் வீட்டிலிருக்கும் தட்டு, வாளி எல்லாம் கவிழ்த்து வைக்கப்படும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் தோட்டம் வைக்காதீர்கள். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

2025 ஜூலை 19

ஆடி பிறந்துவிட்டது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வார்களே, இங்கே எப்போது விதைப்பது என்று கேட்டிருக்கிறார்கள்.

இங்கே பட்டம் கிடையாது. ஊரில் ஆடியில் விதைப்பது பின்னால் வரும் மழையை நம்பி. இங்கே மழை ஆண்டு முழுக்க வரும். நவம்பர், டிசம்பரில் கூடுதலாக வரும். பகல் எப்போதும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். கீரையை எந்த மாதமும் விதைக்கலாம். என் அப்பா தொலைபேசியில் ஒவ்வோர் ஆடிக்கும் "விதை போட்டியா?" என்று கேட்கிறார். அவருக்காக ஆடி பதினெட்டுக்கு ஒரு தொட்டி வெண்டை போடுவேன். எங்கள் மூன்று மணி வெயிலில் ஆறேழு காய் வரும். படம் எடுத்து அனுப்பினால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

குளிர்ச்சியான இரவு வேண்டிய செடிகளுக்குத்தான் இங்கே கஷ்டம். கொத்தமல்லி அதில் முதலாவது. தனியாவை இரண்டாக உடைத்து, ஊறவைத்துப் போட்டால் முளைக்கும். ஆனால் ஒரு சாண் வளர்வதற்குள் பூக்க ஆரம்பித்துவிடும், இலை நூல் நூலாகிவிடும். நான் ஐந்து முறை போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக மக்சிக் கெத்தும்பார் ஜாவா கொடுத்தார்: நீள இலை, ஓரமெல்லாம் ரம்பப் பல். வாசனை கொத்தமல்லியைவிடத் தூக்கல், நிழலிலும் வளரும். ரசத்தில் பாதியளவு போட்டால் போதும்.

வெந்தயம் சுலபம். ஊறவைத்த வெந்தயத்தைத் தட்டையான டப்பாவில் நெருக்கமாகத் தூவினால் மூன்றாம் நாள் முளை, பத்தாம் நாள் கீரை. பிள்ளைகளை இழுக்க இதைவிட நல்லது ஒன்றுமில்லை.

மஞ்சள் முழ உயரம் வந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 10

சமையலறைக் கழிவைத் தொட்டியில் போடலாமா?

நேரே போடாதீர்கள். முதலாண்டு நான் வாழைப்பழத்தோல், முட்டை ஓடு, காய்கறித் தோல் எல்லாவற்றையும் மண்ணின் மேலேயே போட்டேன். எறும்பு, பழ ஈ, அப்புறம் கரப்பான். பக்கத்து வீட்டு அங்கிள் ஒன்றும் சொல்லவில்லை, தன் வாசல் சன்னலை மூட ஆரம்பித்தார். அதைப் பார்த்து நானே எடுத்துவிட்டேன்.

இப்போது பொகாஷி வாளி வைத்திருக்கிறேன். காற்றுப் புகாத மூடியும் அடியில் குழாயும் உள்ள வாளி. கழிவைப் போட்டு, நுண்ணுயிர் கலந்த தவிட்டைத் தூவி, அமுக்கி மூட வேண்டும். நிறைந்தபின் இரண்டு வாரம் திறக்காமல் வைக்க வேண்டும். கெட்டுப்போன நாற்றம் வராது, புளித்த மோர் வாடைதான். அதன்பின் பெரிய தொட்டியில் மண்ணோடு கலந்து மூடிவைத்தால் மேலும் இரண்டு வாரத்தில் மண்ணாகிவிடும். குழாயில் வடியும் நீரை ஒன்றுக்கு நூறு பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றலாம். கலக்காமல் ஊற்றி ஒரு புதினாத் தொட்டியையே கருக்கியிருக்கிறேன்.

இதுதான் தோட்டத்தைவிடப் பெரிய விஷயம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டுக் குப்பை எரியூட்டப்பட்டு, சாம்பல் படகில் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999-இல் திறந்த நிலநிரப்பு அது. 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்கிறார்கள். என் மகள் அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். சோற்றையும் தர்ப்பூசணித் தோலையும் எரிக்கிறோம், பாதிக்கு மேல் தண்ணீரான பொருளை! முன்பு எங்கள் வீட்டிலிருந்து தினம் ஒரு பை குப்பைக் குழாயில் போகும். இப்போது இரண்டு நாளைக்கு ஒன்று.

ஒரு சிக்கல்: வாளி நிறைகிற வேகத்துக்கு என் ஐந்து தொட்டி போதவில்லை. மிச்சத்தைக் கீழே சமூகத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். 2005-இல் தொடங்கிய திட்டம் அது, இப்போது தீவு முழுக்க 2,000 தோட்டத்துக்குக் குறையாது. வெயில் போதாத வீட்டுக்காரர்கள் முதலில் அங்கே போய்க் கேளுங்கள். தனி இடமே வேண்டுமென்றால் பூங்காக்களில் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியை மூன்று ஆண்டுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். புளோக்கடியில் சும்மா கிடக்கும் மண்ணில் கேட்காமல் முருங்கை நடாதீர்கள். நன்றாக வளர்ந்தபின் வெட்டினால் மனசு தாங்காது.

2025 ஆகஸ்ட் 24

"முட்டை ஓட்டையும் போடக்கூடாதா?" காயவைத்து மாவாகப் பொடித்தால் போடலாம். முழுதாகப் போட்டால் ஆண்டு கழித்தும் அப்படியே கிடக்கும். அரிசி கழுவிய தண்ணீரை அன்றன்றே ஊற்றிவிடுங்கள்.

2025 செப்டம்பர் 7

மரவள்ளி வைக்கலாமா என்று கேட்டதை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். அவர் இங்கேயே பிறந்தவர், செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தவர். "வேணாம்னு சொல்லு" என்றார்.

ஜப்பான்காரன் காலத்தில், 1942-இலிருந்து 1945 வரை, அரிசி கிடைக்காமல் இங்கே எல்லாரும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் போட்டிருக்கிறார்கள். வீட்டு முற்றம், பள்ளித் திடல், எங்கெல்லாம் மண் இருந்ததோ அங்கெல்லாம். மாமியாரின் அம்மா மூன்று பிள்ளைகளை அதில்தான் காப்பாற்றியிருக்கிறார். போர் முடிந்தபின் சாகும்வரை அந்த அம்மா மரவள்ளியை வாயில் வைக்கவில்லையாம். ஆனால் வீட்டுப் பின்புறம் ஒரு வரிசை மட்டும் எப்போதும் வைத்திருந்தாராம். ஏன் என்று கேட்டால், "இருக்கட்டும்" என்பாராம்.

இதைச் சொல்லிவிட்டு மாமியார் எழுந்து போய் பசலைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் காலையிலேயே ஊற்றியிருந்தேன். சொல்லவில்லை.

கேட்டவருக்குப் பதில்: மரவள்ளி ஆளுயரத்துக்கு மேல் போகும், தாழ்வாரத்துக்கு ஆகாது. முளைவிட்ட சர்க்கரைவள்ளியைப் புதையுங்கள். கிழங்கை எதிர்பார்க்காதீர்கள், கொழுந்தைப் பறித்துப் பூண்டு போட்டு வதக்கலாம்.

2025 செப்டம்பர் 28

கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஏதோ ஒட்டியிருக்கிறது, மருந்தடிக்கலாமா என்று கேட்டவரே, அடிக்காதீர்கள்! நன்றாகப் பாருங்கள், அசையும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்னதில் எச்சம்போலவே இருக்கும், வளர்ந்தால் பச்சையாகும். மெல்லத் தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சள் கொம்பை நீட்டிக்கொண்டு ஒரு வாடை விடும்.

ஒரு செடிக்கு இரண்டு புழு தாங்கும். கூடுதலாக இருந்தால் நான் சமூகத் தோட்டத்து மரத்தில் கொண்டுபோய் விடுகிறேன். முதல் தடவை என் மகன் பள்ளிக்குப் போகாமல் கூட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று கிளை மொட்டையானது. பத்து நாளில் துளிர்த்துவிட்டது, முன்பைவிட அடர்த்தியாக. இப்போது நானே நுனி கிள்ளிவிடுகிறேன், பக்கக் கிளை நிறைய வருகிறது.

மாவுப்பூச்சி வேறு கதை. அதை விடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு. சாயங்காலம், இலையின் அடிப்பக்கம்.

2025 நவம்பர் 6

2030-க்குள் உணவுத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்பது என்று 2019-இல் வைத்த இலக்கை இந்த வாரம் மாற்றிவிட்டார்கள். இனி 2035-க்குள் கீரை, காய் வகையில் 20 விழுக்காடு, முட்டை, மீன் வகையில் 30 விழுக்காடு. "பெரிய பண்ணைகளுக்கே முடியவில்லை, உங்கள் ஐந்து தொட்டி என்ன செய்யும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி நியாயமானது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நாம் சாப்பிடுவதில் பத்துக்கு ஒன்பது பங்கு வெளியிலிருந்து வருகிறது. 2022-இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சந்தையில் பட்ட பாடு நினைவிருக்கும். அப்படி ஒன்று மறுபடி வந்தால் என் புதினா யாரையும் காப்பாற்றாது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கப்பலேறி, லாரியேறி, குளிரூட்டி வந்த இலை என் வீட்டில் அழுகுவது நின்றிருக்கிறது. அது என் கையில் இருந்த பகுதி. நான் மே மாதம் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும்: கணக்கை வெள்ளியில் மட்டும் போட்டேன். மண்ணுக்கும் தவிட்டுக்கும் ஆகும் செலவைக் கழித்தால் எனக்கு மாதம் பன்னிரண்டு பதின்மூன்று வெள்ளிதான் மிஞ்சுகிறது. அதற்காக மட்டும் என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன்.

2025 நவம்பர் 7

ஊரிலிருந்து முருங்கைப் போத்து கொண்டுவருவது பற்றி: வேண்டாம். உயிருள்ள செடி, தண்டு எதற்கும் இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றிதழும் தேவை. மண்ணோடு கொண்டுவரவே கூடாது. இங்கேயே எந்தச் சமூகத் தோட்டத்தில் கேட்டாலும் ஒரு போத்து தருவார்கள்.

2026 ஜனவரி 16

நேற்றுப் பொங்கல். மே மாதம் வாளியில் புதைத்த மஞ்சளைக் கொத்தோடு பிடுங்கினோம். மாமியார் பானைக் கழுத்தில் கட்டினார். இத்தனை ஆண்டும் தேக்காவில் வாங்கிய கொத்தைத்தான் கட்டியிருக்கிறோம். கிழங்கு 340 கிராம் இருந்தது, என் மகள் எடை போட்டாள். இலையை வீணாக்காமல் அதில் கொழுக்கட்டை வைத்து ஆவியில் அவித்தோம். வீடெல்லாம் அந்த வாசனை.

புங்கோல் நண்பர் எழுதியிருக்கிறார்: அடுக்கு வாங்கவில்லை, தொட்டி ஆறு, இதுவரை 64 வெள்ளி. கறிவேப்பிலை துளிர்த்துவிட்டதாம், புதினா இரண்டு முறை செத்துவிட்டதாம்.

புதினாவை வெயிலிலிருந்து சற்றுத் தள்ளி, சுவரோரம் வையுங்கள். மண் ஈரமாக இருக்க வேண்டும், நீர் நிற்கக் கூடாது. மூன்றாவது முறைக்கு வேர்விட்ட தண்டு வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகளோடு வாருங்கள், கூடவே மஞ்சளில் ஒரு விரலும் தருகிறேன். மூன்று விரலை நேற்றே மறுபடி புதைத்துவிட்டோம்.